ஒரு கான், ஐந்து ஒழுங்கை: கொழும்பில் அயலவர் வலையமைப்பைக் கட்டும் முறை

மழைத் தண்ணீர் வட்டார எல்லை பார்த்து ஓடுவதில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்தின் (நெருக்கமான குடியிருப்பின்) மேல் முனையில் கானுக்குள், அதாவது தெருவோர வடிகாலுக்குள், விழுந்த யோகட் கோப்பையும் ஷொப்பிங் பையும் நான்கு ஒழுங்கை (சந்து) தள்ளிப் போய் அடைத்துக்கொள்ளும். அங்கே எவருடைய குசினிக்குள்ளோ முழங்கால் அளவு தண்ணீர் ஏறும். அந்த வீட்டார் தங்கள் வாசலில் உள்ள கானை மாதத்துக்கு மூன்று தரம் துப்புரவாக்கினாலும் தண்ணீர் வடியாது, ஏனென்றால் அடைப்பு அவர்கள் வாசலில் இல்லை. ஒழுங்கைக்கு ஒரு சங்கம் இருந்தும் கொழும்பில் பல இடங்களில் வெள்ளம் தீராததற்கு இது ஒரு முக்கிய காரணம். ஒரே கானில் தண்ணீர் விடும் ஒழுங்கைகள், தோட்டங்கள், தொடர்மாடிகள் எல்லாம் ஒரே கூட்டாக இயங்கினால் மட்டுமே கானைத் திறக்க முடியும். கானுக்காகச் சேர்ந்த அதே ஆட்கள்தான் பிறகு குப்பை, தெருவிளக்கு, டெங்கு, முதியவர்களின் மருந்து என்று மற்றவற்றையும் பார்ப்பார்கள்.

இங்கே சொல்லப்படுவது 100 முதல் 300 வீடுகள் கொண்ட ஒரு கூட்டுக்குப் பொருந்தும். தொடங்கி முதல் வேலை முடிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

எல்லையைக் கான் சொல்லட்டும்

முதல் வேலை கூட்டம் போடுவதல்ல, மழையில் நடப்பது. பலமான மழை பிடித்து இருபது நிமிடம் ஆனதும் இரண்டு பேர் குடையோடு இறங்குங்கள். ஒருவர் படம் எடுக்க, மற்றவர் எழுத வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே பின்னோக்கி வருகிறது என்பது மழை நேரத்தில்தான் தெரியும். காய்ந்த நாளில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து அதே இடங்களை மறுபடி பாருங்கள். இன்னும் தண்ணீர் நிற்கும் இடங்களே உங்கள் வேலையிடங்கள்.

மறுநாள் ஒரு பெரிய டிமை தாளில் வரைபடம் போடுங்கள். அளவுகோல் தேவையில்லை, காலடிக் கணக்குப் போதும்: பெரியவர் ஒருவர் சாதாரணமாக நடக்கையில் ஒரு காலடி வைக்கும் தூரம் ஏறத்தாழ இரண்டரை அடி. வரைபடத்தில் வர வேண்டியவை இவை: கானின் அகலமும் ஆழமும், தூக்கக்கூடிய மூடிகள் எவை, சீமெந்து பூசி மூடிய இடங்கள் எவை, எரியாத விளக்குக் கம்பங்கள், குப்பை குவியும் மூலைகள், கான் கடைசியில் எங்கே போய் விழுகிறது. இறுதியில் சொன்னதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். தெமட்டகொடைக் கால்வாயிலோ சென் செபஸ்தியன் கால்வாயிலோ வெள்ளவத்தைக் கால்வாயிலோ விழும் வாய் அடைத்திருந்தால் மேலே செய்யும் சிரமதானம் (கூலியில்லாத கூட்டு வேலை) எல்லாம் வீண்.

ஒரே கானில் விழும் ஒழுங்கைகளை எண்ணுங்கள். மூன்று முதல் ஐந்து வரை நல்ல அளவு. ஐந்துக்கு மேல் போனால் மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் பேசி முடிக்கவே நேரம் போய்விடும், அதனால் கானின் ஒரு வளைவிலோ பெரிய வீதியிலோ பிரித்து இரண்டு கூட்டாக்குங்கள்.

எது யாருடையது

தவறான அலுவலகத்துக்குப் போய் ஒரு வருடம் இழுபட்டவர்கள் ஏராளம். உள்வீதிக் கான், கழிவுநீர்க் குழாய், தெருவிளக்கு, குப்பை எல்லாம் கொழும்பு மாநகர சபையின் பொறுப்பு. சபையின் நிர்வாகம் 1, 2ஏ, 2பி, 3, 4, 5 என்று ஆறு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. உங்கள் இடம் எதில் வருகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள், உங்கள் கடிதம் அந்த மாவட்டப் பொறியியலாளருக்குத்தான் போக வேண்டும். பெரிய கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. குடிநீர்க் குழாய் வெடித்தால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, தொலைபேசி 1939. மின்கம்பியும் கம்பமும் மின் விநியோக நிறுவனத்துக்குரியவை. அரசாங்கத் தொடர்மாடி என்றால் அது நகர அபிவிருத்தி அதிகார சபையுடையதா, தேசிய வீடமைப்பு அதிகார சபையுடையதா என்று கேட்டு எழுதி வையுங்கள். நுளம்பும் சுகாதாரமும் பி.எச்.ஐ.யின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்) வேலை. வதிவிடச் சான்று, நிவாரணப் பட்டியல் போன்றவற்றுக்குக் கிராம உத்தியோகத்தர்.

இதை அரைப் பக்கத்தில் எழுதி ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு கடைச் சுவரில் ஒட்டுங்கள்.

பன்னிரண்டு வீட்டுக்கு ஒருவர்

வலையமைப்பின் தசை இதுதான். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தொடங்கினால் அந்த மூன்று பேரும் மூன்றாம் மாதம் களைத்துவிடுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு தொடர்பாளர், அவருக்கு ஒரு மாற்றாள் என்று பிரியுங்கள். 120 வீட்டுக்குப் பத்துப் பேர், பத்து மாற்றாட்கள். ஏன் பன்னிரண்டு? ஒருவர் ஒரு மாலையில், ஒரு மணி நேரத்தில், வாசல் வாசலாகப் போய் வரக்கூடிய எண்ணிக்கை அது. தொடர்பாளரும் மாற்றாளும் ஒருவர் பகலில் வீட்டில் இருப்பவராகவும் மற்றவர் இரவில் இருப்பவராகவும் அமைவது நல்லது. பகல் பத்து மணிக்குக் குப்பை லொறி வரும்போதும் இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் ஏறும்போதும் யாராவது இருக்க வேண்டும்.

ஆட்களை எங்கே தேடுவது? ஒவ்வொரு தோட்டத்திலும் ஏற்கெனவே நம்பிக்கை சேர்த்து வைத்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மரணாதாரச் சங்கம். அவர்களிடம் வீட்டுப் பட்டியல் இருக்கிறது, மாதப் பணம் வாங்கிப் பழக்கம் இருக்கிறது, இழவு வீட்டுக்குக் கதிரையும் கூடாரமும் ஏற்பாடு செய்த அனுபவம் இருக்கிறது. மற்றது சீட்டுப் பிடிக்கும் அக்கா. யார் சொன்ன சொல்லில் நிற்பார், யார் இழுத்தடிப்பார் என்று அவரைவிட நன்றாக எவருக்கும் தெரியாது. இந்த இருவரையும் முதலில் சந்தியுங்கள். பிறகு பள்ளிவாசல், கோவில், தேவாலயம், விகாரை ஆகியவற்றில் பொது வேலைக்கு முன்னால் நிற்பவர்களிடம் போங்கள்.

வாடகைக்கு இருப்போரை ஒருபோதும் விடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மாடி வீடுகளில் வாடகைக்காரர்கள் நிறையப் பேர். கான் அடைத்தால் கீழ்த்தள வாடகைக்காரரின் மெத்தைதான் முதலில் நனையும். வீட்டுச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கலாம்.

வாசலில் நின்று கேட்க மூன்று கேள்விகள் போதும்:

"அக்கா, மழைக்கு உங்கட பக்கம் தண்ணி எவ்வளவு நேரம் நிக்குது?"
"பகல்ல வீட்டில யார் இருப்பாங்க?"
"மாசத்துக்கு ஒரு மணித்தியாலம் தரலாமா, எந்த நாள் வசதி?"

முஸ்லிம் வீட்டில் நானா (அண்ணன்), தாத்தா (அக்கா). சிங்கள வீட்டில் அக்கே (அக்கா), மல்லி (தம்பி), அங்கிள். அந்தந்த வீட்டு வழக்கில் கூப்பிடுங்கள். முடிந்தால் இரண்டு மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். கையெழுத்தும் முதல் நாளில் வேண்டாம். போர்க்காலத்தில் பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிக் கொடுத்த நினைவு கொழும்பின் தமிழ் வீடுகளில் இன்னும் மறையவில்லை. கையில் பட்டியலும் பேனாவுமாக வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆள் அந்த நினைவைத்தான் கிளப்புவார். வீட்டு இலக்கம், கூப்பிடும் பெயர், ஒரு தொலைபேசி எண் ஆகிய மூன்று மட்டும் போதும். அதுவும் தொடர்பாளரின் கொப்பியில் மட்டும் இருக்க வேண்டும், பொதுக் குழுவில் போடக்கூடாது.

முதல் கூட்டம்

நாற்பது நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப் பேர்தான் வருவார்கள். சனி அல்லது ஞாயிறு மாலை 4.30க்குத் தொடங்குங்கள். அஸர் தொழுகை முடிந்திருக்கும், மஃரிபுக்கு நேரம் இருக்கும், ஞாயிறு பூசையும் ரியூஷனும் தஹம் பாசலும் (பௌத்த அறநெறி வகுப்பும்) முடிந்திருக்கும், இரவுச் சமையல் இன்னும் தொடங்கியிருக்காது. போயா (பௌர்ணமி) நாளும் வெள்ளி நண்பகலும் சரிவராது. கொச்சிக்கடைப் பக்கம் என்றால் அந்தோனியார் கோவிலுக்குச் சனம் வரும் செவ்வாய்க்கிழமையையும் தவிருங்கள். இடம் ஒரு மத மண்டபமாக இல்லாமல், ஒழுங்கையின் அகலமான மூலையாகவோ சனசமூக நிலையமாகவோ இருந்தால் எல்லோரும் தயங்காமல் வருவார்கள்.

மொழிபெயர்ப்பைக் கடைசிக்கு விடாதீர்கள். பத்து நிமிடம் தமிழில் பேசிவிட்டு இரண்டு வரியில் சிங்களத்தில் சுருக்கிச் சொன்னால், சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை மாற்றிச் சொல்லுங்கள். நேரம் இரட்டிப்பாகும், அதனால் பேசுவதைப் பாதியாக்குங்கள்.

வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொருவரையும் தம் வீட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள்: தண்ணீர் நிற்கும் இடத்துக்கு நீலம், குப்பைக்குக் கறுப்பு, இருட்டுக்குச் சிவப்பு. பேசத் தயங்கும் அம்மாமார்கூட எழுந்து வந்து புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் அடர்ந்த இடத்தில் ஒரே ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். அது அரை நாளில் முடியக்கூடியதாகவும், அதிகபட்சம் ஒரு அலுவலகத்தின் அனுமதியோடு செய்யக்கூடியதாகவும், குறைந்தது இருபது வீட்டுக்குக் கண்ணால் தெரியும் பலன் தருவதாகவும் இருக்க வேண்டும். ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போடுவது, வீட்டு உறுதிப் பத்திரம் வாங்குவது போன்றவற்றை முதல் வேலையாக எடுத்தால் ஆறு மாதம் எதுவும் நடவாது, கூட்டும் கலைந்துவிடும்.

கான் துப்புரவு: கணக்கோடு இறங்குங்கள்

சிரமதானங்கள் தோற்பது ஆள் பற்றாமல் அல்ல. வெளியே எடுத்த சேற்றைக் கரையில் குவித்துவிட்டு, படம் எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போவதால்தான். அடுத்த மழையில் அந்தச் சேறு முழுவதும் திரும்பக் கானுக்குள் இறங்கும். ஆகவே முதலில் சேற்றைக் கணக்கிடுங்கள்.

ஓர் அடி அகலக் கான், 100 அடி நீளம், அரை அடி சேறு என்று வையுங்கள். 50 கன அடி வரும், அதாவது ஏறக்குறைய 1.4 கன மீற்றர். ஈரச் சேறு கன மீற்றருக்கு 1.6 தொன் அளவு பாரம். மொத்தம் இரண்டேகால் தொன். ஓர் ஆள் தூக்கக்கூடிய 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் 90 மூட்டை. பட்டா ரகச் சிறு லொறியில் மூன்று நடை. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாநகர சபையிடம் வாகனம் கேட்க வேண்டும். "சிரமதானம் செய்கிறோம், உதவி தாருங்கள்" என்பதைவிட "ஞாயிறு காலை 11 மணிக்கு 90 மூட்டை சேறு, இந்த முகவரியில், ஏற்ற ஆட்கள் எங்களிடம் உண்டு" என்றால் பொறுப்பதிகாரி ஒரு வாகனத்தை ஒதுக்குவது எளிது. வாகனம் எழுத்தில் உறுதியாகும்வரை நாள் குறிக்காதீர்கள்.

100 அடிக்கு இருபது பேர், மூன்று மணி நேரம். தேவையானவை: மண்வெட்டி 6, அலவாங்கு 4, நீண்ட பிடி வாரி 2, வாளி 10, பழைய உரப்பை 100, கையுறை 20 சோடி, முழங்கால் பூட்ஸ் 8 சோடி, கட்டுக் கயிறு, சோக்குக் கட்டி, சவர்க்காரம், 20 லீற்றர் குடிநீர். பூட்ஸ் இல்லாதவர் கானுக்குள் இறங்கக்கூடாது. எட்டுப் பேர் இறங்கினால் போதும், மற்றவர்கள் மேலே நின்று வாளி வாங்குவதும் பை பிடிப்பதும் கட்டுவதுமாக இருக்கட்டும். உரப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அடியில் நான்கு துளை குத்தினால் தண்ணீர் வடிந்து பாரம் குறையும்.

எப்போதும் கீழ் முனையில் தொடங்கி மேலே வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் கிளறிய சேறு கீழே போய் இறுகி, பழைய அடைப்பைவிட மோசமாக்கும்.

கொங்கிரீட் மூடிகளைத் தூக்குவதில் கவனம். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், மூன்று அங்குலத் தடிப்புள்ள மூடி ஒன்று ஏறத்தாழ 50 கிலோ. இரு பக்கமும் அலவாங்கு போட்டு இரண்டு பேர் தூக்க வேண்டும், விரலை அடியில் விடவே கூடாது. தூக்குமுன் ஒவ்வொரு மூடியிலும் சோக்கால் எண் போடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப வைக்கும்போது பொருந்தாமல் ஆடும், பிள்ளைகளின் கால் மாட்டிக்கொள்ளும்.

இனி வருவது உயிர் விஷயம். வட்ட மூடி போட்ட கழிவுநீர்க் குழிக்குள் எவரையும் இறக்காதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட. உள்ளே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் இல்லை என்று நினைத்த ஆள் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். அது மாநகர சபையின் கருவியோடு செய்ய வேண்டிய வேலை. திறந்த கானிலும் மேலே தொங்கும் மின்வயர்களை முன்கூட்டிப் பாருங்கள். காலிலோ கையிலோ வெட்டுக்காயம் உள்ளவரை மேலே நிறுத்துங்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக எளிதில் ஏறும். ஒரு வாரம் முன்பே பி.எச்.ஐ.யிடம் சொல்லித் தடுப்பு மருந்து தேவையா என்று கேளுங்கள். வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கானில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள்.

முடிந்ததும் மேல் முனையில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றி, அது கீழே வர எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே சோதனையைச் செய்தால் மறுபடி எப்போது இறங்க வேண்டும் என்று தெரியும்.

கான்மேல் கட்டிய படிக்கட்டு

நடக்கும்போதே இது தெரிந்திருக்கும்: கானின்மேல் யாரோ படி கட்டியிருப்பார், மோட்டார் சைக்கிள் நிறுத்தச் சீமெந்து போட்டிருப்பார், குசினியையே ஓரடி நீட்டியிருப்பார். அடைப்பு பெரும்பாலும் அதற்கு அடியில்தான் இருக்கும். பல கூட்டுகள் உடைவது இந்த இடத்தில்.

அந்த வீட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள். மாநகர சபைக்கு எழுதும் கடிதத்தில் வீட்டு இலக்கத்தைக் குறிப்பிடாதீர்கள். இடித்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு வீட்டில் புகுந்தால் அந்த வரிசையே உங்களுக்குக் கதவைச் சாத்தும். இரண்டு பேர், அதில் ஒருவர் அந்த வீட்டுக்கு நெருக்கமானவர், மாலையில் போய்ப் பேசுங்கள். கேட்பது இடிக்க அல்ல: பத்தடிக்கு ஓர் இடத்தில் ஒன்றரை அடி அகலத்துக்குச் சீமெந்தை வெட்டி, தூக்கக்கூடிய மூடி வைக்க மட்டும். மூடிக்கான கம்பியும் சீமெந்தும் கூட்டின் செலவு, படி அப்படியே இருக்கும். இதற்கு ஒப்புக்கொள்பவர் பலர். ஒப்பாதவரை விட்டுவிட்டு அவருக்கு மேலும் கீழும் உள்ள பகுதிகளை முடியுங்கள். அடுத்த மழையில் அவர் வாசலில் மட்டும் தண்ணீர் நிற்கும்போது அவரே வருவார், அன்று பழையதைப் பேசாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தோடு பேசுவது

வாய்மொழி உறுதிக்குப் பெறுமதி குறைவு. ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு பக்கக் கடிதமாக, இரண்டு பிரதியாகப் போகட்டும். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாதாட வேண்டாம், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தரும் உரிமை. ஆனாலும் அவசர வேலை என்றால் சிங்களப் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள், மேசை மேசையாக மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகும். இது உரிமையை விட்டுக்கொடுப்பதாகாது.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா/அம்மணி, ______ ஒழுங்கையில் ___ இலக்க விளக்குக் கம்பத்துக்கும் ___ இலக்கக் கம்பத்துக்கும் இடையே உள்ள கானில் 40 அடி நீளத்துக்கு அடிப்பகுதி உடைந்து தண்ணீர் தேங்குகிறது. மழை விட்டு ஒரு மணி நேரத்தின் பின் எடுத்த படங்கள் இரண்டு, வரைபடம் ஒன்று இணைக்கப்பட்டுள்ளன. 36 வீடுகள் பாதிக்கப்படுகின்றன. இடத்தைப் பார்வையிட ஒரு திகதி தருமாறு வேண்டுகிறோம். அன்று எங்களில் இருவர் உடன் இருப்போம்."

கோபமும் வரலாறும் இதில் வேண்டாம். கேட்பது ஒன்று மட்டும்: பார்வையிட ஒரு திகதி. பொறியியலாளர் ஒரு முறை வந்து பார்த்துவிட்டால் அடுத்த கடிதம் அறிந்த ஆளுக்கு எழுதுவதாகிவிடும்.

மாநகர சபை உறுப்பினரிடம் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அவரை மட்டும் நம்பியிருக்காதீர்கள். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தபின் 2025 மே 6இல் தேர்தல் நடக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேலாகச் சபையில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை, அதிகாரிகளே நடத்தினார்கள். உறுப்பினர், மாவட்டப் பொறியியலாளர் அலுவலகம், பி.எச்.ஐ. என்று மூன்று வாசலையும் திறந்து வையுங்கள். மூன்றுக்கும் வெவ்வேறு ஆள் போகட்டும். கட்சிக் கொடி, ரீ-ஷேர்ட், பெயர்ப் பதாகை எதுவும் வேலைத்தளத்துக்கு வரக்கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவாக எழுதிவிடுங்கள். தேர்தல் காலத்தில் எழுதப் போனால் அது யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகிவிடும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும், 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலரிடம், அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். "ஏன் எங்கள் கானைத் திருத்தவில்லை?" என்று கேட்டால் பதில் கிடைக்காது, அது தகவல் அல்ல. "இந்த ஒழுங்கையின் கான் பராமரிப்புக்குச் சென்ற வருடம் ஒதுக்கிய தொகை, செலவான தொகை, வேலை நடந்த திகதிகளின் பதிவேட்டுப் பிரதி" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். 1984இல் தொடங்கிய பத்து லட்சம் வீடுகள் திட்டக் காலத்தில் கொழும்பின் தோட்டங்களில் இருந்த சமூக அபிவிருத்திச் சபைகளுக்கே கான், பொதுக் கழிப்பறை, நடைபாதை போன்ற சிறு வேலைகள் ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டன. வசிப்பவர்களே கட்டினார்கள். ஆகவே உங்கள் கூட்டு கணக்கும் கொப்பியும் ஒழுங்காக வைத்திருந்தால், சிறு வேலையைத் தங்களிடமே ஒப்படைக்கும்படி கேட்பது புதுமையான கோரிக்கை அல்ல.

பணம்

முதல் வேலை முடியும்வரை சேர்க்காதீர்கள். மண்வெட்டியைக் கடன் வாங்குங்கள், பிளேன்டியை (பாலில்லாத தேநீரை) யாராவது ஊற்றட்டும். பிறகு வேண்டுமானால் வீட்டுக்கு மாதம் 100 ரூபா. 120 வீட்டுக்கு 12,000. முடியாத வீட்டைக் கேட்காதீர்கள், கேட்கவில்லை என்பதையும் வெளியே சொல்லாதீர்கள். வங்கிக் கணக்கு வெவ்வேறு ஒழுங்கைகளைச் சேர்ந்த மூவர் பெயரில், ஏதாவது இருவர் கையெழுத்தோடு. அதற்கு வங்கி சங்கத்தின் யாப்பும் (விதிமுறைகளும்) கூட்டத் தீர்மானப் பிரதியும் கேட்கும், பிரதேச செயலகப் பதிவு இருந்தால் எளிது. ஒவ்வொரு மாதக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் வரவு, செலவு, மிச்சம் என்று மூன்று எண்ணை இரண்டு மொழியிலும் வாசித்து, பற்றுச்சீட்டுகளைச் சுற்றுக்கு விடுங்கள்.

வாட்ஸ்அப்பை அடக்கி வையுங்கள்

இரண்டு குழு போதும். ஒன்று அறிவித்தல் மட்டும், தொடர்பாளர்கள் மட்டுமே போடலாம். மற்றது தொடர்பாளர்களுக்குள். எல்லோரும் எல்லாம் போடும் குழு ஒரு மாதத்தில் காலை வணக்கப் படமும் கடை விளம்பரமும் நிறைந்து, உண்மையான வெள்ள எச்சரிக்கையை எவரும் பார்க்காமல் போகும். முறைப்பாட்டுப் படத்தில் மூன்று விபரம் வேண்டும்: இடம், திகதி, அருகிலுள்ள கம்ப இலக்கம். அறிவித்தலைச் சிங்களத்திலும் தமிழிலும் குரல் பதிவாகவும் விடுங்கள். தமிழ் பேசினாலும் சிங்கள மொழிமூலத்தில் படித்த பிள்ளைகள் வாசிக்கச் சிரமப்படுவார்கள், முதியவர்களுக்குச் சிறு எழுத்து தெரியாது.

மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் பக்கம் களனி ஆற்றையும் பார்க்க வேண்டும். நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதி நீர்மட்டத்தை அடிக் கணக்கில் வெளியிடுகிறது: 4 அடியில் எச்சரிக்கை, 5 அடியில் சிறு வெள்ளம், 7 அடியில் பெரு வெள்ளம். மழைக்காலத்தில் ஒரு தொடர்பாளர் அந்த எண்ணைக் காலையும் மாலையும் போடட்டும். வேறு வதந்தி எதையும் பகிர வேண்டாம். இடர் முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்

வேலை இல்லாத மாதத்தில் வலையமைப்பு தூங்கிவிடும். அதை விழிக்க வைக்கச் சிறந்த வழி டெங்குச் சுற்று. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது, கொழும்பு மிகக் கடுமையாக அடிபட்டது. ஈடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே ஏழு நாளுக்கு ஒரு தரம் தண்ணீரைக் கொட்டினால் வட்டம் அறுபடும், பத்து நாளுக்கு ஒரு தரம் என்றால் அறுபடாது. ஞாயிறு காலை ஒவ்வொரு தொடர்பாளரும் தன் பன்னிரண்டு வாசலுக்கும் போய் நினைவூட்டட்டும்: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, மாடித் தண்ணீர்த் தாங்கியின் மூடி, ரயர், சிரட்டை. முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். இருபது நிமிடத்தில் சுற்று முடியும். அதோடு யாருக்குச் சுகமில்லை, எந்த வீட்டில் புதிய ஆட்கள், எந்த விளக்கு எரியவில்லை என்பதும் தெரிந்துவிடும். இந்தச் சுற்று நடக்கும் கூட்டு பல வருடம் நிலைக்கும்.

மாதம் ஒரு முறை எல்லா ஒழுங்கைத் தொடர்பாளர்களும் சந்திக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும் வேறொரு ஒழுங்கையில். அந்த ஒழுங்கைக்காரரே கூட்டத்தை நடத்தட்டும். கேள்விகள் மூன்று: போன மாதம் சொன்னதில் எது முடிந்தது, எது முடியவில்லை, யார் உதவி தேவை. மேல் ஒழுங்கைக்காரர் கீழ் ஒழுங்கைக்குப் போய் அந்தக் கானின் வாயைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால், யோகட் கோப்பை பற்றி வேறு பிரசாரம் தேவைப்படாது.

தொடர்பாளர் ஒருவர் வீடு மாறும்போது கொப்பியை வாங்க மறக்காதீர்கள். கொழும்பில் ஆட்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள். போகுமுன் ஒரு மாலை, பழையவரும் புதியவரும் சேர்ந்து பன்னிரண்டு வாசலுக்கும் ஒன்றாகப் போய், "அக்கா, இனி இவங்கதான் வருவாங்க" என்று முகம் காட்டிவிட்டு வர வேண்டும். கொப்பியை மட்டும் கைமாற்றினால் புதியவருக்குப் பாதிக் கதவு திறக்காது.